அரசவையின் காவல் மரம்: நாவலுக்கு உதவி வேண்டும்

வணக்கம். யாங்கோனிலிருந்து எழுதுகிறேன். கற்பனைப் பேரரசு ஒன்றைப் பற்றித் தமிழில் நாவல் எழுதி வருகிறேன். அரசவை முற்றத்தில் ஒரு புனித மரம். அது வீழ்ந்தால் அரசும் வீழும்.

சங்க கால அரசர்கள் தங்கள் ஆட்சியின் அடையாளமாகக் காத்த காவல் மரம்தான் இதற்கு அடிப்படை. பகைவரின் மரத்தை வெட்டி அதிலேயே முரசு செய்வார்கள். கடம்பர் என்ற பகைவரின் கடம்ப மரத்தைச் சேர மன்னன் நெடுஞ்சேரலாதன் அப்படித்தான் செய்தான். நன்னன் என்ற மன்னனோ, ஆற்றில் மிதந்து வந்த தன் காவல் மாமரத்துக் காயைத் தின்ற பெண்ணையே கொன்றான். எப்போது படித்தாலும் மனம் கலங்குகிறது. என் நாவலின் நாயகி அவளைப் போன்றவள்தான்.

அப்புறம் நம் பர்மியக் கதை. தகவுங் என்ற பழைய நகரத்தின் அரசன் மரத்தில் கட்டி எரித்த கொல்லனும், கூடவே தீயில் பாய்ந்த தங்கையும் அந்தச் சண்பக மரத்திலேயே நாட் எனப்படும் பர்மிய ஆவித் தெய்வங்களாக உறைந்தார்கள். ஐராவதியில் விடப்பட்ட மரம் பகானில் ஒதுங்கியது. அதில் செதுக்கிய உருவங்கள் போப்பா மலைக்குப் போயின.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: சாமி மரத்தை வெட்ட நேர்ந்தால் பர்மாவில் இருக்கும் நம் தமிழர்கள் அதனிடம் என்ன சொல்லி அனுமதி கேட்பார்கள்? என்ன படைப்பார்கள்? தட்டோன், மோல்மேன் பக்கம் இருப்பவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள். அவர்கள் பேசுவதை அப்படியே குரல் பதிவாக அனுப்பினாலும் சரி.