புதுப்பிப்பு: ஆராதனையில் அமராத மகன்

தேவாலயத்தில் பிரசங்கம் தொடங்கியதும் என் ஆறு வயது மகன் நெளிவதாகவும், அதனால் நாங்கள் கடைசி வரிசையிலேயே ஒதுங்கிவிடுவதாகவும் மூன்று மாதங்களுக்கு முன் எழுதியிருந்தேன். முன்வரிசைக்குப் போகச் சொன்னவர்களின் ஆலோசனையை, உண்மையைச் சொன்னால், அரைமனதோடுதான் ஏற்றேன்.

பின்னால் இருந்தவரை பெரியவர்களின் முதுகை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, இப்போது திருவிருந்தில் போதகர் ஐயா அப்பம் பிட்பதைக் கண்கொட்டாமல் பார்க்கிறான், சென்ற வாரம் என் காதருகே, "அப்பா, ஐயாவுக்குக் கை நடுங்குதே, பயமா?" என்று கேட்டான். முதுமை என்று சொல்ல வாயெடுத்து, அந்தக் கேள்வியிலும் ஒரு பயபக்தி இருப்பதாகத் தோன்றியதால், பேசாமலிருந்தேன். பிரசங்கத்தின்போது இன்னும் நெளியத்தான் செய்கிறான்.

வீட்டு ஜெபத்தையும் சுருக்கிவிட்டோம். வீட்டில் உட்காரும்போதும் வழியில் நடக்கும்போதும் தேவனுடைய வார்த்தைகளைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசச் சொல்கிறது வேதாகமத்தின் உபாகமம் 6:7. நானோ படுக்கைநேரத்தில் முழு அதிகாரத்தை வாசித்து அவனைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டே வசனங்கள் கொண்ட 117-ஆம் சங்கீதம் போதுமானதாயிருக்கிறது. நேற்று அதை முடித்தவன், காலையில் தம்பியை அடித்ததற்காக, நான் கேளாமலேயே மன்னிப்புக் கேட்டு ஜெபித்தான். தம்பியிடம் இன்னும் கேட்கவில்லை.