மூடோன் திதிக்கு முன் தாத்தாவின் வண்டி ஓடுமா?

குழு: நல்லமுத்து தாத்தா குடும்பம் (மோல்மேன் – மூடோன் – ரங்கூன், பர்மா)

சனிக்கிழமை

காலை 6:50, குமரன்
அனைவருக்கும் வணக்கம். தாத்தாவின் முதலாம் ஆண்டுத் திதிக்கு இன்னும் 22 நாள்கள்தாம் இருக்கின்றன. படையல் பாத்திரங்கள் தாத்தாவின் ஹோண்டா மோட்டார் சைக்கிளில்தான் மூடோன் வீட்டுக்கு வர வேண்டும் என்று பாட்டி சொல்லிவிட்டதால், மாடிப்படிக்கு அடியில் இரண்டு மழைக்காலம் கிடந்த வண்டியை நேற்று வெளியே இழுத்தேன். கிக்கர் இறங்குகிறது, ஆனால் எஞ்சின் இருமக்கூட இல்லை. நண்பன் ஒருவனிடம் 125 சிசி சீன எஞ்சின் இருக்கிறது. அதே இடத்தில் அப்படியே பொருந்தும் என்கிறான். மாற்றிவிடலாமா?

6:53, செல்லம்மாள் அத்தை
எஞ்சினை மாற்றிய பிறகு அது அப்பாவின் வண்டியா, உன் நண்பனின் வண்டியா?

6:55, பெரியசாமி பெரியப்பா
மாற்று. பழைய இரும்பைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம்.

6:56, செல்லம்மாள் அத்தை
மோட்டார் சைக்கிள் ஓட்டவே தடையுள்ள ரங்கூனிலிருந்து கருத்து மட்டும் முதலில் வந்துவிடுகிறது.

6:58, பெரியசாமி பெரியப்பா
தடை 2003-இல்தான் வந்தது. அதற்கு முன் அந்த நகரத்தில் ஓட்டியவன் நான்.

7:04, சுப்பையா மாமா (குழு நிர்வாகி)
பிள்ளைகள் தமிழ் வாசித்துப் பழகுவதற்காகவே இந்தக் குழுவைத் தொடங்கினோம் என்பதை மீண்டும் நினைவூட்டுகிறேன். முழு வாக்கியமாக எழுதுங்கள். தெருவில் பேசும்போது பர்மியரைப் போலச் ‘சைங்கே’ என்று சொல்வதை நான் தடுக்கவில்லை. இங்கே மோட்டார் சைக்கிள் என்றோ வண்டி என்றோ எழுதுங்கள். பிளக், டாப்பெட் முதலிய தொழிற்சொற்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

7:21, சின்னையா சித்தப்பா
தம்பி குமரா, அவசரப்படாதே. உன் நண்பன் சொல்வது பொய்யன்று. நம்முடையதைப் போன்ற ஹோண்டா ‘கப்’ வகை வண்டியில் எஞ்சின் படுக்கைவாட்டில் இரண்டு போல்ட்டில் தொங்குவதால், அதே அமைப்பில் வந்த சீன எஞ்சின்கள் பல அங்கே ஏறிவிடும். ஆனால் நம்முடையது 89.5 சிசி எஞ்சின். சிறிய டிரம் பிரேக்கும் மெல்லிய டயரும் அந்த வலிமைக்கு ஏற்றபடி அமைந்தவை. ஓடும் வேகத்தைக் கூட்டிவிட்டு நிற்கும் வேகத்தை அப்படியே விட்டுவைத்தால் மூடோன் சாலையில் யார் மீதாவது போய் முட்டுவாய். அதைவிடப் பெரிய சிக்கல், உரிமப் புத்தகத்தில் எஞ்சின் எண் இருக்கிறது. எண் ஒத்துப்போகாவிட்டால், உரிமம் உள்ள நம் வண்டி ஒரே நாளில் ‘வித்தவுட்’ (உரிமமில்லாத) வண்டி ஆகிவிடும். அந்தப் புத்தகமோ அப்பாவின் பர்மியப் பெயரில் இன்னும் அப்படியே இருக்கிறது. அதைப் பெயர் மாற்ற யார் கையெழுத்துப் போடுவது என்ற பேச்சே இன்னும் முடியவில்லை.

7:23, பெரியசாமி பெரியப்பா
மூத்தவன்தான் போட வேண்டும்.

7:23, செல்லம்மாள் அத்தை
மகளுக்கும் கை இருக்கிறது.

7:25, சுப்பையா மாமா
கையெழுத்தைத் திதி முடிந்த பிறகு பேசுவோம். இப்போது எஞ்சின்.

7:41, சின்னையா சித்தப்பா
நன்றி மாமா. ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் மோல்மேனில் நின்ற வண்டி இது. எஞ்சின் சாகவில்லை, அழுக்கும் துருவும் அடைத்திருக்கும். முதலில் பழைய பெட்ரோலை முழுவதும் வடித்துவிடு. சாக்கடையில் ஊற்றாதே, பாட்டியின் அடுப்புப் பக்கமும் கொண்டுபோகாதே. பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் சில சொட்டு எஞ்சின் எண்ணெய் விட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக நாலைந்து முறை இறக்கு. பிறகு பிளக்கை அதன் தொப்பியில் செருகி, பெட்ரோலுக்கு எட்டாத இடத்தில் எஞ்சின் இரும்பின் மீது சாய்த்து வைத்துக் கிக்கரை மிதித்துப் பார். நீலப் பொறி வந்தால் பாதி வேலை முடிந்தது. மஞ்சளாக மங்கி வந்தாலோ வராவிட்டாலோ பாயின்டை, அதாவது பொறிக்கான மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனையைப் பார்க்க வேண்டும். அதன் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும்.

7:44, மீனா (சிங்கப்பூர்)
சித்தப்பா எழுதியதை வாசித்து முடிப்பதற்குள் என் ரயில் இரண்டு நிலையங்களைக் கடந்துவிட்டது.

பிற்பகல் 1:15, குமரன்
பொறி வரவில்லை. பாயின்டின் முகம் பச்சை பூத்திருந்தது. நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, துணியால் துடைத்து, இடைவெளியை அளந்து வைத்த பின் நீலப் பொறி வந்தது. ஆனால் தொட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே தேயிலைத்தூள் போலத் துரு கிடக்கிறது.

1:32, சின்னையா சித்தப்பா
இருக்கைக்கு அடியில் உள்ள தொட்டியைத் தனியாகக் கழற்றிவிடு. கைப்பிடி அளவு சிறு நட்டுகளைப் போட்டு, வினிகர் ஊற்றி, ஒரு பகல் ஓர் இரவு ஊற வைத்து இடையிடையே குலுக்கு. மறுநாள் கொட்டிவிட்டுச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, நன்றாகக் காய வைத்து, உடனே பெட்ரோலோடு சிறிது எண்ணெய் கலந்து உட்சுவர் முழுவதும் நனையும்படி சுழற்று. காய்ந்த இரும்பை வெறுமையாக விட்டால் மாலைக்குள் மறுபடியும் செம்மை ஏறிவிடும். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் காபரேட்டரின் அடிக்கிண்ணத்திலும் அதே தூள் இருக்கும். ஜெட் என்பது பித்தளையில் துளைத்த முடியளவு வழி. ஊசியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும், பிறகு எத்தனை திருகினாலும் வண்டி கறுப்புப் புகைதான் விடும். பழைய மின்கம்பியைச் சீவி, உள்ளே இருக்கும் மெல்லிய செம்பு இழை ஒன்றால் மட்டும் சுத்தம் செய்.

1:34, செல்லம்மாள் அத்தை
அம்மா கேட்கிறார்: நட்டுக்குப் பதில் அரிசி போடலாமா?

1:35, குமரன்
கூடாது, பாட்டி. துருவைச் சுரண்ட இரும்புதான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை

காலை 9:10, குமரன்
தொட்டி சுத்தமாகிவிட்டது. கருவிப்பைக்குள் எண்ணெய்த் தாளில் சுற்றிய சிறு நோட்டு ஒன்று கிடைத்தது. முழுவதும் தாத்தாவின் கையெழுத்து. கப்பலில் வேலை செய்த ஒருவரிடம் 1991-இல் இந்த வண்டியை வாங்கிய நாளிலிருந்து, ஒவ்வொரு 1,000 மைலுக்கும் எண்ணெய் மாற்றியதைக் குறித்திருக்கிறார். ஒரு பக்கத்தை அப்படியே எழுதுகிறேன்: “1997 தை. மர்த்தபான் படகுத்துறையில் சின்னவன் வண்டியோடு விழுந்தான். பெரியவன் மீது பழி போட்டான். தெரியாதது போல் இருந்துவிட்டேன். கால் கவசம் தைத்தது, 11 துளை.”

9:11, மீனா
ஐயோ, சித்தப்பா.

9:12, பெரியசாமி பெரியப்பா
அந்தக் கவசத்துக்காக நான் ஒரு மாதம் வசவு வாங்கினேன்!

9:19, சின்னையா சித்தப்பா
மர்த்தபானுக்கும் மோல்மேனுக்கும் இடையே ஆற்றுப் பாலம் திறந்தது 2005-இல்தான். அதற்கு முன் படகுப் பலகை எவ்வளவு வழுக்கும் என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும்.

9:20, செல்லம்மாள் அத்தை
வழுக்கியது பலகை. பழி போட்டது யார்?

9:26, குமரன்
நோட்டைப் படித்த பிறகு வண்டியின் முன்னால் காலை மறைக்கும் அந்தக் கவசத்தை உற்றுப் பார்த்தேன். பிளாஸ்டிக் விரிசலின் இரு பக்கமும் சூட்டுக்கம்பியால் துளையிட்டு, செம்புக் கம்பியால் தையல் போட்டிருக்கிறார். பின்பக்கத்தில் ஒவ்வொரு முறுக்கும் ஒரே திசையில் படிந்திருக்கிறது. தொட்டால் கூர்மை கையில் படவில்லை. புதிய கவசம் மலிவாகக் கிடைக்கிறது என்றாலும், இதைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை.

9:28, பெரியசாமி பெரியப்பா
கழற்றாதே. அது சாட்சி.

9:40, சுப்பையா மாமா
வழக்கு தள்ளுபடி. வண்டிக்குத் திரும்புவோம்.

9:58, சின்னையா சித்தப்பா
ஆம், வால்வுகளைத் தள்ளித் திறக்கும் டாப்பெட். எஞ்சின் ஆறிக் குளிர்ந்திருக்கும்போது தலையில் உள்ள இரண்டு வட்ட மூடிகளையும் கழற்றி, எஞ்சினோடு சுழலும் மேக்னெட் (காந்த) சக்கரத்தில் இருக்கும் ‘டி’ என்ற குறியை நிலைக்குறிக்கு நேராக வைத்து, இரண்டு டாப்பெட்டும் தளர்வாக ஆடுகின்றனவா என்று முதலில் பார். ஆடாவிட்டால் இன்னும் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இரண்டிலும் 0.05 மில்லிமீட்டர் இடைவெளி போதும். வண்டி சத்தமில்லாமல் ஓட வேண்டும் என்று இதைவிட இறுக்கினால் வால்வு முழுவதும் மூடாது. அழுத்தம் போய், கால் ஓயும்வரை மிதித்தாலும் வண்டி கிளம்பாது.

பிரேக் கட்டையைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதவே கூடாது. பழைய கட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும்; ஈரத்துணியால் துடைத்துத் துணியைக் கட்டி எறிந்துவிடு. டயரில் பட்டை இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதே. பக்கச்சுவரில் வெடிப்பு இருந்தால் டயரையும் டியூபையும் சேர்த்தே மாற்று. புதுமைப்படுத்த வேண்டும் என்று ஆசைப்பட்டாயே, முதல் செலவு அதற்குத்தான்.

10:20, குமரன்
முகப்பு விளக்கு மின்மினி போல எரிகிறது என்று தாத்தாவே சொல்வார். எல்இடி விளக்குப் போட்டு, இப்போதுள்ள 6 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றலாம் அல்லவா?

10:22, செல்லம்மாள் அத்தை
திதி பகலில்தான் நடக்கிறது.

10:23, குமரன்
திரும்பி வரும்போது இருட்டிவிடும், அத்தை. 18 மைல் தூரம்.

10:47, சின்னையா சித்தப்பா
இது நியாயமான ஆசை. ஆனால் பேட்டரியையும் பல்பையும் மட்டும் மாற்றினால் 12 வோல்ட் ஆகிவிடாது. மின்சாரம் பிறப்பது மேக்னெட்டுக்குள் இருக்கும் சுருளில். அதையும் ரெகுலேட்டரையும் மாற்றாவிட்டால் புதிய பேட்டரி சார்ஜ் ஏறாமல் இரண்டே நாளில் படுத்துவிடும். ஹாரன், சிக்னல் பிளாஷர் ஆகியவையும் உடன் மாற வேண்டும். நம் வண்டியில் முகப்பு விளக்குப் பேட்டரியிலிருந்து எரிவதில்லை. எஞ்சின் ஓடும்போது சுருளிலிருந்து நேராக மாறுமின்சாரமாக வருவதால், சாதாரண எல்இடி பல்பை அதில் செருகினால் மெதுவான ஓட்டத்தில் கண்சிமிட்டும்.

செலவு செய்வதற்கு முன் ஒன்றைப் பார். 25 வாட் பல்புக்கு 12 வோல்ட்டில் 2 ஆம்பியருக்குச் சற்று மேல் போதும். 6 வோல்ட்டில் 4 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். அதனால் துருப்பிடித்த இணைப்பு ஒவ்வொன்றும் 6 வோல்ட் வண்டியின் வெளிச்சத்தைக் கூடுதலாகத் தின்னும். எர்த் கம்பி சட்டத்தைத் தொடும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் முறுக்கிவிட்டு, பிறகு வெளிச்சத்தைப் பார்த்துச் சொல்.

10:55, குமரன்
முகப்பு விளக்கின் கண்ணாடியையும் மாற்ற வேண்டுமா?

11:02, சின்னையா சித்தப்பா
நல்ல கேள்வி. ஜப்பானில் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள்; இங்கே 1970 முதல் வலப்பக்கம். அவர்கள் ஊருக்காகச் செய்த கண்ணாடி என்றால் ஒளி இடப்பக்கம் உயர்ந்து எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். இரவில் சுவரின் முன் நிறுத்தி, ஒளி எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

மாலை 5:36, குமரன்
எஞ்சின் ஓடியது! மூன்றாம் மிதியில் கிளம்பி, வெண்புகை தள்ளி, ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடி நின்றது. சத்தம் கேட்டுப் பாட்டி கையில் அகப்பையோடு வாசலுக்கு வந்துவிட்டார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “தூக்குச் சட்டியை இடக்கையில்தான் பிடிப்பார்” என்றார்.

5:41, சுப்பையா மாமா
கிளட்ச் பிடி இல்லாத வண்டி அல்லவா. அதனால்தான் அவருடைய இடக்கைக்கு ஓய்வு கிடைத்தது. ஆனால் குமரன் இரு கையாலும் பிடித்துத்தான் ஓட்ட வேண்டும்.

5:44, சின்னையா சித்தப்பா
வெண்புகை நீ சிலிண்டரில் விட்ட எண்ணெய்; சற்று ஓடினால் அடங்கிவிடும். நின்றதற்குக் காரணம் பெட்ரோல் வரத்தாக இருக்கும். தொட்டி மூடியின் காற்றுத் துளையைப் பார். இன்னொன்று, முன் பிரேக்கைப் பிடித்தால் இந்த வண்டியின் முன்பகுதி தாழாமல் மேலே எழும்பும், பயந்து விட்டுவிடாதே.

5:46, பெரியசாமி பெரியப்பா
படகுத்துறையில் அப்படித்தான் எழும்பியதோ?

5:52, மீனா
நான் வெள்ளிக்கிழமை ஊருக்குப் புறப்படுகிறேன். பிரேக் கட்டையும் சுருளும் இங்கேயே வாங்கி வருகிறேன். 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா என்று முடிவைச் சொன்னால்தான் வாங்க முடியும்.

5:53, பெரியசாமி பெரியப்பா
12.

5:53, செல்லம்மாள் அத்தை
6.

5:54, குமரன்
எர்த்தைச் சுத்தம் செய்த பின் சொல்லட்டுமா?

5:55, மீனா
வியாழக்கிழமைக்குள்.

5:57, சுப்பையா மாமா
வாக்கியமாக எழுதுங்கள்.