கழற்றிய 4 டிபி டிஸ்க்கில் 465 ஜிபி மட்டும் ‘ரா’ என்று காட்டுகிறது, டேட்டாவை எடுக்க வழி உண்டா?

கேள்வி:

வெளியே வைத்துப் பயன்படுத்தும் 3.5 இன்ச் ஹார்ட் டிஸ்க், 4 டிபி. பெட்டிக்குள் இருக்கும் யூஎஸ்பி போர்டு செத்துவிட்டது. டிஸ்க்கைக் கழற்றி டெஸ்க்டாப்பில் நேரடியாக சாட்டா கேபிளில் மாட்டியிருக்கிறேன். விண்டோஸ் 10 டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் மூன்று துண்டாகத் தெரிகிறது: 465.7 ஜிபி ‘ரா’ (ஃபைல் அமைப்பு எதுவும் அடையாளம் தெரியாத பகுதி), 1582 ஜிபி அன்அலோகேட்டட் (எந்தப் பார்ட்டிஷனிலும் சேராத இடம்), அதற்குப் பிறகு தனியாக 1678 ஜிபி அன்அலோகேட்டட். முன்பு இருந்தது ஒரே ஒரு என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் ஃபைல் அமைப்பு) பார்ட்டிஷன், அதில் சுமார் 1.4 டிபி ஃபைல்கள்.

ஃபார்மேட் செய்யவா என்று கேட்டது, கேன்சல் கொடுத்துவிட்டேன். வேறு எதுவும் செய்யவில்லை. டிக் டிக் சத்தம் இல்லை. டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில், கெட்டுப்போன இடங்களை எண்ணும் 05, சி5, சி6 மூன்றுமே பூஜ்யம்.

பதில் 1:

பார்ட்டிஷன் டேபிள் (எந்தப் பார்ட்டிஷன் எங்கே என்ற பட்டியல்) கரப்ட் ஆகியிருக்கும் சார். எல்லாவற்றையும் டெலீட் செய்து ஜிபிடிக்கு (புது வகை பார்ட்டிஷன் டேபிள்) மாற்றி, முழு 4 டிபிக்கும் குவிக் ஃபார்மேட் கொடுங்கள். குவிக் ஃபார்மேட்டில் டேட்டா அழியாது. பிறகு ஏதாவது ரெக்கவரி சாஃப்ட்வேர் ஓட்டினால் வந்துவிடும்.

பதில் 2:

மேலே சொன்னதை தயவுசெய்து செய்ய வேண்டாம். குவிக் ஃபார்மேட் ‘ஒன்றும் எழுதாது’ என்பது தவறு. புது பூட் செக்டர் (பார்ட்டிஷனின் முதல் செக்டர்; செக்டர் என்பது டிஸ்க் எண்ணும் மிகச்சிறிய துண்டு), புது பிட்மேப் (எந்த இடம் காலி என்ற குறிப்பு), புது எம்எஃப்டி (ஃபைல்களின் அட்டவணை) எல்லாம் எழுதும். எம்எஃப்டி வழக்கமாக 786432-ஆவது கிளஸ்டரில் (ஃபைல்களுக்கு இடம் ஒதுக்கும் அலகு) தொடங்கும். 4 கேபி கிளஸ்டர் என்றால் பார்ட்டிஷன் தொடக்கத்திலிருந்து 3 ஜிபி தள்ளி. பழையதும் அங்கேதான் இருக்கும், புதியதும் அதன் மேலேயோ பக்கத்திலேயோ வந்து விழும். ஃபைல் பெயர், ஃபோல்டர் எல்லாம் இருக்கும் இடம் அதுதான்.

இதில் எதுவும் கரப்ட் ஆகவில்லை என்றே நினைக்கிறேன். 465.7-ஐ 8-ஆல் பெருக்கிப் பாருங்கள், 3726 வரும். அதுதான் 4 டிபி டிஸ்க்கின் முழு அளவு, விண்டோஸ் கணக்கில்.

காரணம் இது. எம்பிஆர் என்ற பழைய வகை பார்ட்டிஷன் டேபிளில் அளவு பைட்டில் இருக்காது, செக்டர் எண்ணிக்கையில் இருக்கும். அதற்கு ஒதுக்கிய இடம் 32 பிட். செக்டர் 512 பைட் என்றால் 2 டிபிக்கு மேல் போக முடியாது. பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரிலும் பெரிய டிஸ்க் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக, பல வெளிப்புறப் பெட்டிகளின் யூஎஸ்பி சிப் எட்டு செக்டர்களை ஒன்றாகச் சேர்த்து ‘என் செக்டர் 4096 பைட்’ என்று கம்ப்யூட்டரிடம் சொல்லும். அந்தக் கணக்கில் 16 டிபி வரை எம்பிஆர் போதும். நீங்கள் சிப்பைத் தாண்டி சாட்டாவில் மாட்டியதும் டிஸ்க் தன்னுடைய 512 கணக்கைச் சொல்கிறது. டேபிளில் உள்ள எண் அதேதான், அளக்கும் முழம் மாறிவிட்டது. அதனால் பார்ட்டிஷன் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கித் தெரிகிறது. தொடக்க இடமும் அப்படித்தான்: 256-ஆவது செக்டர் என்பது 4096 கணக்கில் 1 எம்பி, 512 கணக்கில் வெறும் 128 கேபி. அங்கே என்டிஎஃப்எஸ் இல்லை, அதனால் ‘ரா’. அன்அலோகேட்டட் இரண்டாக உடைவதும் 2 டிபி எல்லைக்கோட்டால்தான்.

எதற்கும் உறுதி செய்துகொள்ளுங்கள். எச்எக்ஸ்டி என்ற இலவச ஹெக்ஸ் எடிட்டரில் டிஸ்க்கை ரீட்-ஒன்லியாகத் திறந்து 2048-ஆவது செக்டருக்குப் போங்கள். முதல் மூன்று பைட் ஈபி 52 90, அடுத்து என்டிஎஃப்எஸ் என்ற எழுத்துகள் தெரிய வேண்டும். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 11, 12-ஆவது பைட்டுகள் முக்கியம். 00 02 என்றால் 512. 00 10 என்றால் 4096.

அந்த இடத்தில் அர்த்தமில்லாத குப்பையாக இருந்தால் நிலைமை வேறு. சில பெட்டிகளின் சிப், பாஸ்வேர்டு போடாவிட்டாலும் எல்லாவற்றையும் என்க்ரிப்ட் செய்தே எழுதும். அப்போது அதே மாடல் போர்டு கிடைத்தால்தான் வழி.

கேட்டவர்:

பார்த்தேன். ஈபி 52 90, என்டிஎஃப்எஸ் இரண்டும் இருக்கின்றன. 11, 12-இல் 00 10. அப்படியென்றால் 2048-இல் தொடங்குகிற மாதிரி பார்ட்டிஷன் டேபிளைத் திருத்தி எழுதினால் விண்டோஸிலேயே திறந்துவிடுமா?

பதில் 2:

திறக்காது. பூட் செக்டர் 4096 என்கிறது, டிஸ்க் 512 என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் விண்டோஸ் மவுண்ட் செய்ய (டிஸ்க்கைத் திறந்து இணைக்க) மறுத்துவிடும். பூட் செக்டரில் அந்த எண்ணை மாற்றிவிடலாமே என்று யாராவது சொல்வார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள். மற்ற கணக்குகள் எல்லாம் அந்த எண்ணைச் சார்ந்தவை.

லினக்ஸில் சுலபம். உபுண்டு லைவ் பென் டிரைவில் பூட் செய்யுங்கள், இன்ஸ்டால் வேண்டாம். டெர்மினலில் எல்எஸ்பிஎல்கே (lsblk) கொடுத்து 3.6டி என்று தெரிவது எந்த டிஸ்க் என்று பாருங்கள். லோசெட்அப் (losetup) கட்டளையில் ரீட்-ஒன்லி, ஆஃப்செட் (தொடக்க இடம், பைட்டில்) 1048576, செக்டர் சைஸ் 4096 ஆகிய மூன்றையும் கொடுத்து முழு டிஸ்க்கையும் லூப் டிவைஸாக (லினக்ஸ் தனி டிஸ்க் போலக் கையாளும் போலி டிஸ்க்) மாற்றுங்கள். 465 ஜிபி பார்ட்டிஷனைக் கொடுத்துவிடாதீர்கள், அது பாதியிலேயே முடிந்துவிடும். பிறகு அந்த லூப் டிவைஸை என்டிஎஃப்எஸ்-3ஜி (ntfs-3g) வகையில், ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்தால் ஃபோல்டர்கள் அப்படியே தெரியும். ஆர்சிங்க் (rsync) என்ற நகலெடுக்கும் கட்டளையை வைத்து இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள்.

பதில் 3:

லினக்ஸ் பழக்கமில்லாதவர்களுக்கு டெஸ்ட்டிஸ்க் என்ற ரெக்கவரி சாஃப்ட்வேரிலும் வழி இருக்கிறது. டேபிள் வகையாக ‘இன்டெல்’ (எம்பிஆர்தான்) தேர்ந்தெடுத்து, அனலைஸ் போவதற்கு முன்பு ஜியோமெட்ரி மெனுவில் செக்டர் சைஸை 4096 ஆக்குங்கள். பக்கத்திலேயே ‘மிகவும் ஆபத்தானது’ என்று எச்சரிக்கை இருக்கும், சரியான எச்சரிக்கைதான். பார்ட்டிஷன் தெரிந்ததும் ‘பி’ அழுத்தினால் ஃபைல் பட்டியல் வரும், அங்கிருந்தே நகலெடுக்கலாம். கடைசியில் வரும் ‘ரைட்’டை மட்டும் தொடாதீர்கள்.

ஆனால் என் கருத்து, முதலில் டிடிரெஸ்க்யூ (ddrescue, கெட்ட இடங்கள் இருந்தாலும் டிஸ்க்கை நகலெடுக்கும் கருவி) வைத்து முழு டிஸ்க்கையும் நகலெடுத்துவிட்டு நகலில் வேலை செய்வதே பாதுகாப்பு.

பதில் 2:

சி5, சி6 பூஜ்யம் இல்லாவிட்டால் நானும் அதையே முதலில் சொல்லியிருப்பேன். இங்கே டிஸ்க் ஆரோக்கியமாக இருக்கிறது, மவுண்ட் செய்வதும் ரீட்-ஒன்லி. 1.4 டிபிக்காக 4 டிபி முழுவதையும் படிக்க வைப்பது, நொடிக்கு 150 எம்பி கிடைத்தாலும் ஏழரை மணி நேரம். நகலெடுக்கும்போது ஒரு ஃபைலிலாவது இன்புட்/அவுட்புட் எரர் வந்தால் உடனே நிறுத்திவிட்டு டிடிரெஸ்க்யூவுக்கு மாறுங்கள். முதல் சுற்றில் ‘என்’ (-n) விருப்பத்தோடு, கெட்ட இடங்களைச் சுரண்டாமல் தாண்டிப் போகவிடுங்கள். எதுவரை படித்தாயிற்று என்று குறித்து வைக்கும் மேப் ஃபைல் கட்டாயம். அதே மேப் ஃபைலை வைத்து இரண்டாம் சுற்றில் மூன்று முறை மறுமுயற்சி.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று: ஃபார்மேட் செய்த இன்னொரு 4 டிபி டிஸ்க்கில் 4 டிபி இமேஜ் ஃபைல் (முழு டிஸ்க்கின் நகல் ஒரே ஃபைலாக) கொள்ளாது. டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்கு நேரடியாக எழுதினால் கொள்ளும், ஆனால் செக்டர் எண்ணிக்கை 7,814,037,168-க்குக் குறையக்கூடாது.

பதில் 4:

போர்டுதான் செத்தது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? 3.5 இன்ச் பெட்டிக்கு 12 வோல்ட் அடாப்டர் தனி. அதை மல்ட்டிமீட்டரில் அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது 12 காட்டிவிட்டு டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 9, 10-க்கு இறங்குகிற அடாப்டர்களும் உண்டு. அடாப்டர்தான் கோளாறு என்றால் டிஸ்க்கைத் திரும்பப் பெட்டிக்குள் மாட்டுங்கள், லினக்ஸே தேவைப்படாது.

கேட்டவர்:

வேறு 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரில் போட்டும் பார்த்தாயிற்று, லைட்கூட எரியவில்லை. லூப் வழியில் மவுண்ட் ஆகிவிட்டது, ஃபோல்டர்கள் பெயரோடு தெரிகின்றன. நகல் ஓடிக்கொண்டிருக்கிறது. முடிந்ததும் இதே டிஸ்க்கை மறுபடி பயன்படுத்தலாமா?

பதில் 2:

தாராளமாக. நகலெடுத்ததில் பெரிய ஃபைல்கள் சிலவற்றைத் திறந்து பார்த்துவிட்டு, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பழைய பார்ட்டிஷனை டெலீட் செய்து ஜிபிடிக்கு மாற்றி ஃபார்மேட் கொடுங்கள், 3726 ஜிபியும் ஒரே துண்டாக வரும். பிற்பாடு வேறு யூஎஸ்பி பெட்டி வாங்கினால் காலி டிஸ்க்காக இருக்கும்போதே அதில் மாட்டி ஃபார்மேட் செய்யுங்கள். இல்லாவிட்டால், அந்தப் பெட்டியின் சிப்பும் 4096 கணக்கு சொல்கிறதாக இருந்தால் இதே பிரச்சினை தலைகீழாக வரும்.