புனித அந்தோணியார் அன்பியம் (பங்கில் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் குழு), ஆனையூர்: ஞாயிறு பூசையில் வாசிக்கும் மன்றாட்டு

12/12/2025, வெள்ளி

[இரவு 7:42] அருள்மேரி டீச்சர்: மரியே வாழ்க. ஞாயித்துக்கிழமை ரெண்டாம் பூசைக்கு விசுவாசிகள் மன்றாட்டு நம்ம அன்பியம். திருச்சபை, நாட்டுத் தலைவர்கள், நோயாளிகள், பங்கு மக்கள், நாலும் எழுதிட்டேன். அஞ்சாவது இது: "இயற்கைச் சீற்றத்தாலும் ஒடுக்குமுறையாலும் துன்புறும் அனைவருக்காகவும்..." பாத்துச் சொல்லுங்க.

[7:44] பெனடிக்ட்: 🙏🙏🙏

[7:45] டெய்சி: ஓகே டீச்சர்

[7:51] ஜோஸ்பின்: டீச்சர், கோவிச்சுக்காதீங்க. வயநாட்டுக்கும் இதே வரிதான் வாசிச்சோம், மணிப்பூருக்கும் இதேதான். யாருக்குன்னே தெரியாம "கேட்டருளும்"னு சொல்லிட்டு உக்காந்துட்டோம். இந்தத் தடவ ஊர் பேரைச் சொல்லிக் கேப்போமே.

[7:52] அருள்மேரி டீச்சர்: எந்த ஊரும்மா?

[7:58] ஜோஸ்பின்: பதுளை. நவம்பர் 28 டிட்வா புயல்ல இலங்கையில 600 பேருக்கு மேல போயிட்டாங்க. கண்டி, பதுளை, நுவரெலியா பக்கம் மண்சரிவுதான் ஆளை முழுங்கிருச்சு. எங்க சின்னம்மா குடும்பம் அங்குட்டுத்தான் தோட்டத்துல இருக்கு. அஞ்சு நாளா போன் போகல. இப்பத்தான் அது மக பேசுச்சு. உயிரோட இருக்காங்க. பள்ளிக்கூடத்துல தங்க வச்சிருக்காம்.

[7:59] டெய்சி: ஐயோ அக்கா, சொல்லவே இல்லையே 😢

[8:01] சவரிமுத்து: (படம்) இலங்கையில் புதைந்த கிராமம். இதைப் பத்து பேருக்கு அனுப்பி ஜெபிக்கச் சொல்லவும்

[8:03] டெய்சி: தாத்தா, இது வயநாடு சூரல்மலை. போன வருஷம் ஜூலை 30-ல நடந்தது. எல்லா பேப்பர்லயும் வந்த போட்டோ.

[8:04] சவரிமுத்து: அப்டியா. அங்கயும் பாவம் தேயிலை வேலைக்குப் போன சனம்தான்

[8:09] பெனடிக்ட்: ஜோஸ்பினு, வீட்ல பழைய துணி ரெண்டு மூட்டை கட்டி வச்சிருக்கேன். நல்ல துணிதான். அனுப்பலாமா?

[8:12] ஜோஸ்பின்: அண்ணே, அதைக் கப்பலேத்தப் போறது யாரு? அவங்க கேக்குறது கம்பளி, பிள்ளைகளுக்கு செருப்பு, நோட்டு. மலைல இப்பக் குளிரு எலும்பைத் தின்னும். அங்கயே வாங்கிக்கலாம், கையில காசிருந்தா.

[8:20] சேவியர் சார்: காசு அனுப்புறதெல்லாம் சரி. மன்றாட்டுல என்ன வேணும்னு கேக்கணும் அதைச் சொல்லுங்க.

[8:31] ஜோஸ்பின்: அதையும் கேட்டேன் சார். சின்னம்மா மக சொன்னதை அப்டியே எழுதுறேன். "அக்கா, மழை நிக்கணும்னு ஜெபிக்க வேணாம், மழை நின்னுருச்சு. லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, திரும்பிப் போகலாமா கூடாதான்னு கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து ஆளுங்க வந்து மலையைப் பாத்துட்டுத்தான் சொல்லணும். கூடாதுன்னா எங்க போறது? வீடு எங்க பேர்ல இல்ல, காணியும் எங்க பேர்ல இல்ல, எல்லாம் தோட்டத்துது. நிலம் இருந்தவங்களுக்கு நட்ட ஈடு குடுக்கலாம். இல்லாதவங்களுக்கு எதை வச்சுக் குடுப்பாங்க?"

[8:33] ஜோஸ்பின்: நாலு தலைமுறை அந்த மலைல சார். மேலூர்ப் பக்கத்துல இருந்து போன குடும்பம் எங்களது. அந்தக் காலத்துல மன்னார்ல இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டுவழியா நடந்தே போயிருக்காங்க, பாதிப் பேரு வழியிலயே காலரால செத்துருக்காங்கன்னு அப்பத்தா சொல்லும். தோட்டத்துச் சனம் அங்க போக ஆரம்பிச்சு 200 வருஷம்னு 2023-ல அதே பாதைல ஒரு நடைபயணமே போனாங்க. இன்னும் சொந்தமா ஒரு கையளவு நிலம் இல்ல.

[8:36] சவரிமுத்து: 1964-ல இந்தியாவும் இலங்கையும் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல நிறையப் பேரை இங்க அனுப்பிட்டாங்களே

[8:38] ஜோஸ்பின்: ஆமா தாத்தா. அதுல வந்ததுதான் எங்கம்மா. தலைமன்னார்ல இருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல்ல. சின்னம்மா அங்கயே நின்னுருச்சு. ஒரு வயித்துப் பிள்ளைக ரெண்டு நாட்டுக்காரங்களாயிட்டாங்க.

[8:47] சேவியர் சார்: வருத்தமாத்தான் இருக்கு. ஆனா பீடத்துக்கு முன்னால நிலப் பிரச்சினை, நட்ட ஈடுன்னு வாசிச்சா அரசியல் மாதிரி ஆயிரும். பொதுவா வைக்கிறதுதான் முறை.

[8:55] அருள்மேரி டீச்சர்: சார், மறைக்கல்வியில பிள்ளைகளுக்கு என்ன சொல்லித் தர்றோம்? எரியுற முட்புதர்ல ஆண்டவர் மோசேகிட்ட பேசும்போது, எகிப்துல அடிமையா இருந்த ஜனங்க அழுத சத்தத்தைக் கேட்டேன்னு மட்டுமா சொன்னார்? வேலை வாங்குன அதிகாரிகளையும் சேர்த்துத்தான சொன்னார். கடைசில போய்ச் சேருறதுக்கு ஒரு நிலமும் சொல்லிட்டார்.

[8:56] டெய்சி: 👏👏

[8:58] சேவியர் சார்: டீச்சர்கிட்ட வாய் குடுத்தா தப்பிக்க முடியாது 😄 சரி, வாசகத்தைப் போடுங்க.

[9:10] பெனடிக்ட்: அப்ப கிறிஸ்துமஸ் கேரல்ஸ் பாடி வர்ற காசு? வருஷா வருஷம் கடைசி நாள் பிரியாணிக்குப் போகுது. இந்த வருஷம் பிரியாணி வேணாம், அதை அனுப்பிருவோம்.

[9:11] டெய்சி: பசங்க அழுவாங்க அண்ணே

[9:12] பெனடிக்ட்: அழட்டும். கேசரி போட்டுக்கலாம்.

[9:18] டெய்சி: அண்ணே, ஆனா பேங்க்ல இருக்குறவ சொல்றேன், வெளிநாட்டுக்கு ஜிபே தட்டுற மாதிரி கிடையாது. பான் கார்டு, யாருக்கு, எதுக்குன்னு எழுதிக் குடுக்கணும். அக்கா தன் சொந்தக்காரங்களுக்கு அனுப்பலாம். அன்பியத்துப் பேர்ல வசூல் பண்ணி அனுப்புறது வேற கதை. ஃபாதர்கிட்ட கேளுங்க.

[9:34] பங்குத்தந்தை: வாசித்தேன். பணத்தை நீங்களாக அனுப்ப வேண்டாம். பங்கு அலுவலகத்தில் ரசீதோடு கட்டுங்கள். மறைமாவட்டத்தில் என்ன வழி என்று திங்கட்கிழமை கேட்டுச் சொல்கிறேன். பக்கத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலும் ஒரு எட்டு போய் வாருங்கள். மன்னார், வவுனியாப் பக்கமும் வெள்ளம். அங்கே உறவு இருக்கிறவர்கள் முகாமில் இருப்பார்கள்.

[9:36] ஜோஸ்பின்: சரிங்க ஃபாதர். நாளைக்கே போறோம்.

[9:52] அருள்மேரி டீச்சர்: இப்படி மாத்தியிருக்கேன்: "பதுளை, கண்டி, நுவரெலியா மலைகளில் வீடிழந்து பள்ளிகளில் தங்கியிருக்கும் தோட்டத் தொழிலாளர்களுக்காக. தலைமுறைகளாய் உழைத்த மண்ணில் அச்சமின்றி உறங்க அவர்களுக்குச் சொந்த நிலம் கிடைக்கவும், 2023 மே முதல் முகாம்களில் வாழும் மணிப்பூர் மக்கள், குக்கி, மெய்தெய் இருவரும், தங்கள் வீடு திரும்பவும், ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

[9:55] சேவியர் சார்: "சொந்த நிலம்" இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு.

[9:56] சவரிமுத்து: யார் வாசிக்கிறது

[9:57] அருள்மேரி டீச்சர்: ஜோஸ்பின்தான்.

[9:59] ஜோஸ்பின்: நானா? மைக் முன்னால நின்னா எனக்கு நாக்கு ஒட்டிக்கும் டீச்சர்.

[10:00] அருள்மேரி டீச்சர்: நாளைக்கு சாயங்காலம் 6 மணிக்கு கோயிலுக்கு வா, ரெண்டு தடவ வாசிச்சுப் பாப்போம். முகாமுக்குக் காலையிலயே போயிட்டு வந்துருவோம். பெனடிக்ட், உன் வண்டி வேணும்.

[10:02] பெனடிக்ட்: 9 மணிக்கு ரெடியா இருக்கேன் டீச்சர்