1945க்கு அப்புறம் உலகம் அமைதியாத்தான் இருக்காம்!

பழைய பேப்பர்: "1945க்கு அப்புறம் வல்லரசுங்க மோதிக்கவே இல்ல, கொரியா சண்டையைக்கூட 1953ல எல்லாரும் கையெழுத்து போட்டு முடிச்சிட்டாங்க, இதுதான் நவீன அமைதி"ன்னு நேத்து இங்க ஒருத்தர் எழுதி லைக்கை அள்ளிட்டுப் போயிட்டாரு. எல்லாருமா? தென்கொரியா கையெழுத்தே போடலய்யா! 1953 ஜூலை 27, கொரிய எல்லைல பான்முன்ஜோம், போட்டது வெறும் போர்நிறுத்தம். ஐநா படை சார்புல அமெரிக்க ஜெனரல் ஹாரிசன், அந்தப் பக்கம் வடகொரியாவோட ஜெனரல் 'நாம் இல்'. தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ ஆளுங்க பேனாவைத் தொடல.

மேகநாதன்: அந்த ஒருத்தர் நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். 1950லயே ரீ தன் படையை ஐநா படைத் தளபதி மக்ஆர்தர் கைல ஒப்படைச்சிட்டாரு. தளபதி போட்டா கீழ உள்ளவங்களுக்கும் சேர்த்துத்தான். அமெரிக்காவும் சோவியத்தும் மோதிக்கலங்கிற மெயின் பாயிண்டுக்கு வாங்க சார்.

செம்பருத்தி: முதல்ல அமைதின்னா எதைச் சொல்றீங்க ரெண்டு பேரும்? சண்டை நின்னா போதுமா, அநியாயமும் ஒழியணுமான்னு நார்வே அமைதி ஆய்வாளர் கால்டுங் 1960கள்லயே பிரிச்சுக் காட்டிட்டாரு. அதுக்கு முன்னாடி 1928ல போரையே சட்டவிரோதம்னு ஒப்பந்தம் போட்டாங்க, பதினோரு வருஷத்துல உலகப்போர்.

பழைய பேப்பர்: அதெல்லாம் அப்புறம் மேடம், கையெழுத்துக்கு வாங்க. கீழ உள்ளவராம்ல ரீ, அப்ப அந்த ஜூன் மாசம் பேச்சுவார்த்தை முடியப் போற நேரத்துல போர்க்கைதி முகாமைத் திறந்து சுமார் 27,000 பேரை வெளிய விட்டாரே அது எந்தத் தளபதி உத்தரவு, அமெரிக்காக்காரனே தலைல கைய வச்சான், இவரு இங்க உக்காந்து எல்லாருக்கும் சேர்த்துங்கிறாரு. மோதலையாம்! மிக்-15 போர் விமானத்துல சீனா, வடகொரியா அடையாளம் போட்டுக்கிட்டுப் பறந்த சோவியத் பைலட்டுங்க என்ன காத்தாடியா விட்டாங்க?

மேகநாதன்: ரகசியமாத்தானே பறந்தாங்க? வெளிய சொன்னா பெரிய போராயிடும்னு ரெண்டு பக்கமும் அமுக்கிட்டாங்க. அந்த பயம்தான் அமைதியைக் காப்பாத்துச்சு, நான் சொன்னதே அதுதான்.

ரெண்டாம் ஷிப்ட்: பயந்து கிடக்கிறது அமைதின்னா 1973ல அமெரிக்க அமைச்சர் கிஸ்ஸிஞ்சருக்கு அமைதி நோபல் கொடுத்ததும் சரிதான் 😂 கூட ஜெயிச்ச வடவியட்நாம்காரர் லெ டுக் தோ, வியட்நாம்ல அமைதியே வரலயே எனக்கு எதுக்குன்னு வேணாம்னுட்டாரு. கமிட்டில ரெண்டு பேர் ராஜினாமா வேற.

மேகநாதன்: வந்துட்டாருய்யா. சம்பந்தம் இருக்கா? ஒபாமா நோபல் பத்தின இழைல வாங்கினது பத்தலயா?

ரெண்டாம் ஷிப்ட்: நான் வாங்கினேனா? பதவிக்கு வந்த வருஷமே 2009ல எதுக்குக் கொடுத்தாங்கன்னு கேட்டேன், பதில் சொல்லாம ப்ளாக் பண்ணிட்டு ஓடினது யாரு?

பழைய பேப்பர்: உங்க பஞ்சாயத்தைத் தனியா வச்சுக்கோங்க. தென்கொரியா கையெழுத்து போடல. அமைதி ஒப்பந்தமும் இன்னிக்கு வரைக்கும் வரல. ரெண்டு கொரியாவுக்கும் நடுவுல நாலு கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வெத்துப் பட்டை, ரெண்டு பக்கமும் பீரங்கி, 2010ல தென்கொரியாவோட யோன்பியோங் தீவுல வடகொரியா குண்டு போட்டு நாலு பேர் செத்தாங்க, இதுக்குப் பேரு நவீன அமைதியாம்.

மேகநாதன்: ஒரு தீவுல குண்டு விழுந்தா போரா சார்? ஹாரிசன் போட்ட கையெழுத்துதான் எழுபது வருஷத்துக்கு மேல நிக்குது.

செம்பருத்தி: நான் கேட்டதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

பழைய பேப்பர்: ஹாரிசன் என்ன தென்கொரியாக்காரரா??

ரெண்டாம் ஷிப்ட்: மேகநாதன், ப்ளாக்கை எடுத்துட்டு இங்கயே சொல்லுங்க, ஒபாமாவுக்கு எதுக்கு?