சொந்த ஸ்கூல் புள்ளைங்ககிட்டயே காசு வாங்கி டியூசன் எடுக்கலாமா?

கொட்டகலை வாசி:
இலங்கையில சில மாகாணங்கள்ல கவர்மெண்ட் டீச்சர்மார் தங்களோட ஸ்கூல் புள்ளைங்களுக்கே காசுக்கு க்ளாஸ் எடுக்கக் கூடாதுன்னு சர்க்குலர் போட்டாங்கதானே, அத நம்ம மலைநாட்டுலயும் இறுக்கிப் பிடிக்கணும்னு நான் சொல்றேன். சனி ஞாயிறு ஹட்டன் டவுனுக்கு போய்ப் பாருங்க, டியூசன் க்ளாஸ் மாடிப்படி பூரா புள்ளைங்க செருப்புதான். திங்கக்கிழமை ஸ்கூல்ல அதே வாத்தியார் சேர் வந்து "இத சனிக்கிழமையே செஞ்சிட்டோம், வராதவங்க பக்கத்துல வாங்கி எழுதிக்கோங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த யுனிட்டுக்கு போயிடுறாரு. காசு இல்லாம வராத புள்ள என்னா பாவம் செஞ்சிச்சு?

மெத்ஸ் சேர்:
எல்லாரையும் ஒரே கூடையில போடாதீங்க அண்ணே. நான் தோட்டத்து ஸ்கூலுக்கு ஆசிரிய உதவியாளரா எடுத்த ஆளு, அப்ப மாசம் 6,000 ரூவா, அப்புறம் 10,000 ஆக்கினாங்க, அதுல போர்டிங், பஸ் எல்லாம் போக என்னா மிஞ்சும்னு நீங்களே கணக்கு பாருங்க. 2021ல சம்பள முரண்பாட்டுக்காக மூணு மாசத்துக்கு மேல ஒன்லைன் க்ளாஸ நிறுத்திப் போராடினோம், கடைசியில கேட்டதுல மூணுல ஒண்ணுதான் 2022 ஜனவரியில குடுத்தாங்க, அதுவும் அந்த வருசமே சாமான் வெல ஏறுனதுல காணாமப் போச்சு. டொக்டர் பின்னேரம் பிரைவேட் பாத்தா யாரும் கேக்க மாட்டீங்க, வாத்தியார்னா மட்டும் தியாகமா?

கொட்டகலை வாசி:
டொக்டர் ஆசுபத்திரியில பாதி ஊசிய போட்டுட்டு மிச்சத்துக்கு வீட்டுக்கு வான்னு சொன்னா அவரையும் கேப்போம் சேர்.

பதுளை தம்பி:
ரெண்டு பேரும் முக்கியமான விசயத்த விட்டுட்டீங்க. ஏஎல்ல, அதாவது கெம்பஸ் போறதுக்கான உயர்தரத்துல, மெத்ஸ், பயோ தமிழ் மீடியத்துல படிக்கக்கூடிய ஸ்கூல் நம்ம பக்கம் எத்தன இருக்கு? ஹட்டன் ஹைலண்ட்ஸ் மாதிரி விரல் விட்டு எண்ணுற அளவுதான், மத்த எடத்துல ஆர்ட்ஸ், அதுலயும் எல்லா பாடத்துக்கும் ஆள் இல்ல. வெளி மாவட்டத்துலருந்து பட்டதாரிமார் வாறாங்க, போட்ட காலம் முடிஞ்சதும் இடமாற்றம் கேட்டு போயிடுறாங்க, அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, அவங்களுக்கும் குடும்பம் இருக்கு. அப்ப இருக்குற ஒரு கெமிஸ்ட்ரி சேரும் க்ளாஸ் வைக்கக் கூடாதுன்னா காசுள்ளவன் மகன கண்டிக்கு அனுப்புவான் இல்லாட்டி சூம்ல படிக்க வைப்பான், சர்க்குலர் அந்த பிரைவேட் மாஸ்டர தொடவே தொடாது. அடி யாருக்கு? கையில ஒரு பாடத்துக்கு மட்டும் காசு வச்சிருக்கிறவனுக்குத்தான்.

லயத்து அம்மா:
நான் தோட்டத்துல தேயிலைக் கொழுந்து எடுக்குற ஆளு, மகன் ஏஎல் படிக்கிறான். நாள் சம்பளம் 1,350 ஆச்சு, அப்புறம் 1,750ன்னாங்க, அதுலயும் 200 வருகைக்கு. கிலோ கொறஞ்சா அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளந்தான் போடுவாங்க, மழை நாள்ல கிலோ எங்க சேருது. க்ளாஸ் ஒரு பாடத்துக்கு மாசம் 2,000ன்னா மூணு பாடத்துக்கு 6,000, பஸ் காசு வேற. ஆனா டியூசன நிறுத்துங்கன்னு நான் சொல்ல மாட்டேன், நிறுத்துனா அவன் எங்க போவான்? சேர்மாருக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன், சனிக்கிழமை குடுக்குற நோட்ஸ திங்கக்கிழமை போர்ட்லயும் எழுதுங்க. என் மகன் போன மாசம் ரெண்டு வாரம் போகல, அந்த கொப்பியில ரெண்டு பக்கம் தலைப்பு மட்டும் எழுதி வெறுமையா விட்டு வச்சிருக்கான், யாராவது தருவாங்கன்னு.

மெத்ஸ் சேர்:
அக்கா நீங்க சொல்றது ஞாயந்தான், அப்படி செய்ற ஆளுங்க இருக்காங்கன்னு எனக்கும் தெரியும். ஆனா ஒரு பீரியட்ல வரவு எடுத்து ஹோம்வேர்க் பாத்தா மிஞ்சுறது கொஞ்ச நேரந்தான், ஏஎல் சிலபஸ் அதுக்குள்ள முடியாது, யாரு எடுத்தாலும் முடியாது.

ரிட்டயர்ட் அதிபர்:
1945ல கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்து இலவசக் கல்வி வந்தும் தோட்டத்துப் பள்ளிக்கூடம் அதுக்கு வெளியிலதான் கெடந்துச்சு, 70கள்லதான் அரசாங்கம் கையில எடுக்க ஆரம்பிச்சது. அதுவரைக்கும் ஒரே ஒரு மாஸ்டர், ஒரே ஹோல்ல அஞ்சு வகுப்பு. அந்த மாஸ்டர்மார் ராவுல லாம்பு வெளிச்சத்துல கூப்பிட்டு சும்மா சொல்லிக் குடுத்தாங்க, ஒரு சதம் வாங்கல. இப்ப உள்ளவங்களுக்கு அந்த மனசு இல்ல.

பதுளை தம்பி:
சேர் மரியாதையோட சொல்றேன், அந்த மாஸ்டர் தோட்டத்துலயே குவார்ட்டர்ஸ்ல இருந்தாரு, ராவுல புள்ளைங்க நடந்தே வந்துச்சு. இப்ப டீச்சர் டவுன்லருந்து வாறாங்க, ஸ்கூல் 1.30க்கு விட்டா அதுக்கப்புறம் உள்ள ஒரே பஸ்ஸ பிடிக்கணும், புள்ளைங்களும் அதே பஸ்லதான். மனசு இருந்தாலும் எந்த நேரத்துல வைக்கிறது? மனசப் பத்திப் பேசாம பஸ்ஸப் பத்திப் பேசுங்க. பின்னேரம் 4 மணிக்கு ஒரு பஸ் விட்டு, ஸ்கூலுக்குள்ளயே மேலதிக வகுப்பு எடுக்குற டீச்சருக்கு மணித்தியாலத்துக்கு இவ்வளவுன்னு கவர்மெண்ட் கட்டட்டும், பாதிப் பிரச்சின முடிஞ்சிடும்.

கொட்டகலை வாசி:
கவர்மெண்ட் கட்டுமா? கடைசியில ஸ்கூல் அபிவிருத்திச் சங்கம் பெத்தவங்ககிட்டதான் வாங்கும், பேர் மட்டும் மாறும். தடை செய்ய முடியாதுன்னும் சொல்லாதீங்க, அஞ்சாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் பரீட்சைக்கு முன்னுக்கு சில நாள் டியூசன் முழுசா நிப்பாட்டுறாங்க, மீறுனா பொலிஸ்ல சொல்லுங்கன்னு நம்பர் குடுக்குறாங்க. மனசு வச்சா முடியும். டியூசன் வேணும்னா பக்கத்து ஸ்கூல் புள்ளைங்களுக்கு வைங்க, தன்னோட வகுப்புக்கு வேணாம், அவ்வளவுதான் நான் கேக்குறது.

மெத்ஸ் சேர்:
பக்கத்து ஸ்கூல் 14 கிலோமீட்டர்ல இருக்கு அண்ணே.

லயத்து அம்மா:
சட்டம் போட்டாலும் யாரு போய் சொல்றது? ஏஎல் அப்ளிகேசன்ல அந்த ஸ்கூல் சீல்தான் வேணும், லீவிங் சர்ட்டிபிக்கேட்ல என்னா எழுதுவாங்களோன்னு பயம். பேர் போடாம கம்ப்ளெய்ண்ட் குடுக்க வழி இருந்தா சொல்லுங்க, அதுவும் ஸ்கூலுக்குத் திருப்பி அனுப்பாத எடமா.