ராமேஸ்வரம் தீவு, தங்கச்சிமடம்: பீடி, சிகரெட்டை நிறுத்துவோர் வாட்ஸ்அப் குழு, செவ்வாய் இரவு

இரவு 7.05

அருள்மேரி டீச்சர்: எல்லோருக்கும் வணக்கம். ஒன்று கேட்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்தக் குழுவில் கடைசியாகப் பீடியைப் பற்றி யார் எழுதினார்கள் என்று மேலே தள்ளிக்கொண்டே போனேன், விரல்தான் வலித்தது. ரோஜாப்பூ, காலை வணக்கம், காணாமல் போன ஆடு, பப்பாளி இலையைப் பற்றி யாரோ பேசுகிற வீடியோ, இவைதான் இருக்கின்றன. விட்டவர் எப்படி இருக்கிறார், விட முடியாதவர் என்ன பாடு படுகிறார் என்று ஒரு வரி இல்லை. ஊர்க் குழு நமக்கு ஏற்கெனவே ரெண்டு இருக்கிறது, மூன்றாவது எதற்கு?

நாகூர் கனி: ஆடு கிடைத்துவிட்டது டீச்சர்.

அருள்மேரி டீச்சர்: சந்தோஷம் பாய். விஷயத்துக்கு வாருங்கள்.

கித்தேரியான்: டீச்சர், நான் விட்டவன். விட்டவனுக்கு எழுத என்ன இருக்கிறது? பீடி குடித்த காலத்தில் தினமும் "இன்றைக்குக் குடித்தேன்" என்று யாருக்காவது சொன்னேனா? இப்போது மட்டும் "இன்றைக்குக் குடிக்கவில்லை" என்று தம்பட்டம் அடித்தால் நன்றாகவா இருக்கும். அதனால்தான் சும்மா இருக்கிறேன்.

ராணி: அண்ணே, நீங்கள் அப்படிச் சொல்கிறீர்கள். எங்கள் வீட்டுக்காரரும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார், வாயைத் திறப்பதில்லை. கேட்டால், "அங்கே எல்லோரும் விட்டவர்கள், நான் போய் என்ன எழுத" என்கிறார். விட்டவரும் எழுத மாட்டார், விடாதவரும் எழுத மாட்டார். அப்புறம் யார் எழுதுவது, ஆடா?

நாகூர் கனி: ஆட்டை விடுங்கள் மதினி, அது பாவம்.

ஜெரோம்: நான் சொல்லட்டுமா டீச்சர். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த நாள் கணக்குதான் என் வாயை அடைத்தது. காலையில் எழுந்ததும் இத்தனையாவது நாள் என்று போடச் சொன்னீர்கள், போட்டேன், எல்லோரும் கை தட்டினீர்கள், நன்றாகத்தான் இருந்தது. கோயில் திருவிழா இரவில் கூட்டாளிகளோடு நிற்கும்போது ஒன்று இழுத்துவிட்டேன். மறுநாள் பூஜ்யம் என்று போட மனசு வரவில்லை. போடாமல் இருந்தால் ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். சத்தத்தை அணைத்துவைத்துவிட்டேன்.

அருள்மேரி டீச்சர்: ஜெரோம், இதை நீ சொன்னது நல்லது. இன்றோடு கணக்கு கிடையாது. வேண்டுமென்றால் வீட்டு காலண்டரில் போட்டுக்கொள்ளுங்கள், இங்கே வேண்டாம். ஆனால் கணக்கும் இல்லை என்றால் வேறு எதைக் கேட்பது? அதையும் நீங்களே சொல்லுங்கள்.

கித்தேரியான்: கேட்கிற நேரத்தையும் மாற்ற வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தில் இந்தக் குழு எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகு எல்லாம் கரையில், நாங்கள் வேப்பமரத்தடியில் வலை பொத்திக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எதைப் போட்டாலும் பதில் வந்தது. ஜூன் பாதியில் கடலுக்குப் போக ஆரம்பித்தோம், குழு படுத்துவிட்டது. நீங்கள் காலை ஏழு மணிக்கு "எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்கிறீர்கள். அந்த நேரத்தில் ஒன்று கடலுக்குப் போகிற அனுமதி டோக்கனுக்கு நிற்போம், இல்லை என்றால் மீனை இறக்கிக்கொண்டிருப்போம். அப்புறம் வீட்டுக்கு வந்து விழுந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்போம். பீடி கேட்கிற நேரம் அது இல்லை டீச்சர். இரவு முதல் வலையைத் தூக்கி, இறாலைப் பிரித்துப் போட்டுவிட்டு, கை நடுங்க உட்காருவோம் பாருங்கள், அப்போதுதான் கேட்கும். அந்த இடத்தில் டவர் இல்லை. தனுஷ்கோடிப் பக்கம் போனால் இலங்கை டவர் எடுக்கிறது, அது நமக்கு எதற்கு. இப்போது வாடைக்காற்று வேறு தொடங்கப்போகிறது, கூதலுக்குப் பீடிதான் போர்வை என்று போட்டில் ஒருத்தன் சொல்வான், மற்ற எல்லோரும் தலையாட்டுவார்கள்.

ராணி: அதற்கு என்ன செய்யலாம் என்பதையும் சொல்லுங்கள் அண்ணே.

கித்தேரியான்: திங்கள், புதன், சனி போகிறோம். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் கேளுங்கள். எல்லோரையும் மொத்தமாகக் கேட்காதீர்கள், யாருக்கும் உறைக்காது. பெயர் சொல்லிக் கேளுங்கள், ஜெரோம் நாளைக்குப் போகிறாயா, எந்தப் போட்டு, கூட யார் என்று. என்னிடம் கேட்டால் அது போதும்.

நாகூர் கனி: அண்ணன் எழுத ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எவ்வளவு எழுதியிருக்கிறார் பாருங்கள்.

இரவு 7.31

சகாயம் மாமா: நான் ஒரு சந்தேகம் கேட்கலாமா. பொம்பளைப் பிள்ளைகள் இருக்கிற குழு, அதனால்தான் இத்தனை நாள் கேட்கவில்லை. காலையில் ஒரு பீடி இழுத்தால்தான் எனக்கு வெளிக்குப் போகும். விட்டதிலிருந்து வயிறு கல் மாதிரி இருக்கிறது. இதற்காகவே மறுபடி ஒன்று பற்றவைக்கலாம் போல இருக்கிறது.

கித்தேரியான்: மாமா!

ராணி: கேட்கட்டும் அண்ணே. நாங்கள் மட்டும் வெளிக்குப் போகாமலா இருக்கிறோம்.

பாலமுருகன்: மாமா, இது நிறையப் பேருக்கு இருக்கிறது, என் மருந்துக்கடையில் வந்து காதோடு கேட்பார்கள். நிகோடின் குடலைத் தள்ளிவிடுகிற சாமான், அது நின்றதும் குடல் கொஞ்ச நாள் சோம்பேறியாக இருக்கும், சில வாரத்தில் சரியாகிவிடும். எழுந்ததும் வெந்நீர், இரவில் வாழைப்பழம், கீரை, கொஞ்சம் நடை. அதற்கும் கேட்கவில்லை என்றால் டாக்டரிடம் போகலாம், பீடியிடம் போக வேண்டாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், விட்ட பிறகு சிலருக்கு இருமல் கூடும். புகையில் மரத்துக்கிடந்த மூச்சுக்குழாய் ரோமமெல்லாம் எழுந்து அழுக்கை வெளியே தள்ளுகிறது, அதனால்தான். ஆனால் ரத்தம் வந்தாலோ வாரக்கணக்கில் நிற்கவில்லை என்றாலோ வீட்டில் உட்காராதீர்கள்.

சகாயம் மாமா: அப்படியா. எனக்கு இருமலும் கூடத்தான் செய்தது. பீடிதான் மருந்தாக இருந்தது போல என்று நினைத்தேன். சிகரெட்தான் கெடுதல், பீடி வெறும் இலை என்று எங்கள் அப்பா சொல்வார்.

பாலமுருகன்: இலைக்குள்ளே இருப்பது புகையிலைதானே மாமா. பீடி அணைந்து அணைந்து போகும், அதை அணையவிடாமல் வேகமாக இழுக்க வேண்டியிருக்கிறது, அதனால் தாரும் கார்பன் மோனாக்சைடும் கூடத்தான் உள்ளே போகின்றன.

ஜெரோம்: பாலா அண்ணே, நிகோடின் சூயிங்கம் வாங்கித் தின்றேன், விக்கல் வந்து உயிர் போனது. அது சரியில்லை.

பாலமுருகன்: நீ பபிள்கம் மாதிரி மென்றிருப்பாய். அப்படி மெல்லக் கூடாது தம்பி. மெதுவாக நாலைந்து தடவை கடி, நாக்கு சுருக்கென்று காரமாகும், உடனே நிறுத்திக் கன்னத்து ஓரம் ஒதுக்கு. காரம் அடங்கியதும் மறுபடி கடி. ஒன்று அரை மணி நேரம் வரும். அதற்குக் கால் மணி நேரம் முன்னாலிருந்து, வாயில் இருக்கிற வரைக்கும், காபி, சோடா, எதுவும் குடிக்காதே, குடித்தால் மருந்து ஏறாது. 2 மில்லிகிராம் சீட்டு இல்லாமல் கிடைக்கும், 4 மில்லிகிராமுக்கு டாக்டர் சீட்டு வேண்டும். நெஞ்சு வலிக்காரர், கர்ப்பிணி எல்லாம் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. அப்புறம் பீடியை விடுகிறேன் என்று உதட்டுக்குள் புகையிலை ஒதுக்க ஆரம்பித்தவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறார்கள், பெயர் சொல்ல மாட்டேன். அது வாய்ப் புற்றுக்கு நேர் வழி.

நாகூர் கனி: சிகரெட் பெட்டியில் ஒரு நம்பர் போட்டிருக்கிறதே, 1800-11-2356, நேற்று கூப்பிட்டுப் பார்த்தேன், யாரும் எடுக்கவில்லை.

பாலமுருகன்: நேற்று திங்கள் பாய், அவர்களுக்குத் திங்கள் விடுமுறை. மற்ற நாளில் காலை 8 முதல் இரவு 8 வரை கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். அவர்களும் ஒரு தடவை பேசிவிட்டு விடுவதில்லை, நாள் குறித்துத் திரும்பக் கூப்பிடுவார்கள்.

இரவு 7.52

ராணி: ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பெட்டிக்கடை முனியசாமி அண்ணன் இந்தக் குழுவில் எதற்கு இருக்கிறார்? விற்கிறவரே உள்ளே இருந்தால் குழு எப்படி உருப்படும்.

நாகூர் கனி: நானும் கேட்கலாம் என்றிருந்தேன். ரம்ஜான் மாதம் முழுக்கப் பகலில் தொடாமல் இருப்பேன், நோன்பு திறந்ததும் கால் நேராக அவர் கடைக்குத்தான் போகும்.

முனியசாமி: இருக்கிறேன், எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பீடி விற்றுத்தான் என் கடை ஓடுகிறது, மறைக்கவில்லை. ஆனால் நம் ஆட்களில் யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று வீட்டுக்காரிக்குத் தெரியாது, டீச்சருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

ராணி: அப்படியானால் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக்காரர் வந்தாரா?

முனியசாமி: அதைச் சொல்ல மாட்டேன் தங்கச்சி. சொன்னால் நாளைக்கு அவர் பஸ் ஸ்டாப் கடைக்குப் போவார், அங்கே ஏன் என்று கேட்க ஆள் இல்லை. நான் என்ன செய்கிறேன் என்றால், இந்தக் குழு ஆள் வந்து கேட்டால் உடனே எடுத்துக் கொடுப்பதில்லை. சில்லறை இல்லை என்பேன், உட்காருங்கள் என்பேன், ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பேன், வேண்டுமென்றே பால்காரனிடம் கணக்கு பேசுவேன். ஐந்து நிமிடம் ஓட்டினால் போதும், சில பேர் கடலை மிட்டாயை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். சில பேர் திட்டிவிட்டு வாங்கிப் பற்றவைக்கத்தான் செய்கிறார்கள். தூணில் தொங்கின தீக்கயிற்றையும் அவிழ்த்துவிட்டேன், கயிறு புகைந்துகொண்டே இருந்தால் சும்மா போகிறவனையும் கூப்பிடுகிறது.

பாலமுருகன்: அந்த ஐந்து நிமிடம் உண்மைதான். ஆசை ஒரேயடியாக நாள் முழுக்க இருக்காது, அலை மாதிரி எழும்பி சில நிமிடத்தில் இறங்கிவிடும். முதல் மூன்று நாள்தான் ரொம்பப் படுத்தும்.

அருள்மேரி டீச்சர்: ஆள் வந்து உட்கார்ந்திருக்கிற அந்த ஐந்து நிமிடத்தில் குழுவில் ஒரு வார்த்தை போடுங்களேன் அண்ணே, பெயர் வேண்டாம், "கடையில் ஒரு ஆள்" என்று மட்டும். கரையில் முழித்திருக்கிறவர்கள் ஒரு குரல் பதிவு அனுப்புகிறோம். அதை நீங்கள் ஸ்பீக்கரில் போடுங்கள்.

முனியசாமி: போடலாம். கனி பாய் பாட்டுப் பாடி அனுப்பாமல் இருந்தால் சரி.

கித்தேரியான்: குரல் பதிவு கடலுக்கும் ஆகும் டீச்சர். கரையில் இருக்கும்போதே போனில் இறக்கிவைத்துக்கொண்டால் டவர் இல்லாமலும் கேட்கலாம். வீட்டுப் பிள்ளைகள் பேசி அனுப்பட்டும், பெரியவர்கள் புத்திமதி வேண்டாம், அது போட்டில் ஏகப்பட்டது இருக்கிறது.

அருள்மேரி டீச்சர்: சரி. இப்போதே தொடங்குகிறேன். ஜெரோம், நாளைக்குப் போகிறாயா? எந்தப் போட்டு, கூட யார்?

ஜெரோம்: போகிறேன் டீச்சர். தாமஸ் அண்ணன் போகிற போட்டுதான். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. அரிசி, பருப்பு, வெங்காயம் எழுதுகிற சாமான் சிட்டையிலேயே பீடிக்கட்டும் இருக்கும், ஆளுக்கு இத்தனை என்று. நான் வாங்காவிட்டாலும் என் பங்கு என் தலைமாட்டுக்கு வந்துவிடும்.

முனியசாமி: அந்தச் சிட்டை என் கடைக்குத்தானே வருகிறது. உன் பங்குக் காசுக்குக் கடலை மிட்டாயும் ஏலக்காயும் கட்டிவிடுகிறேன்.

தாமஸ்: போட்டு டிரைவர் சண்டைக்கு வருவார். சிட்டையில் கை வைத்தால் அவருக்குப் பிடிக்காது.

ராணி: பார்த்தீர்களா டீச்சர், எங்கள் வீட்டுக்காரர் எழுதிவிட்டார்!

முனியசாமி: டிரைவர் பங்கு அப்படியே இருக்கும் மாப்பிள்ளை, அதைத் தொடவில்லை. உங்கள் பங்கை என்ன செய்ய?

தாமஸ்: பாதி வையுங்கள்.

ராணி: பாதியா?

கித்தேரியான்: ராணி, சும்மா இரு. பாதி என்று எழுதியிருக்கிறார், அது போதும். தாமஸ், வலை தூக்கி முடிந்ததும் ஜெரோம் பக்கத்தில் போய் உட்கார். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் பற்றவைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

தாமஸ்: சரி அண்ணே.

அருள்மேரி டீச்சர்: ராணி, சின்னவளைத் தூங்குவதற்கு முன்னால் பேச வைத்து அனுப்பு. கனி பாய், வியாழன் காலையில் அவர்கள் கரைக்கு வரும்போது உங்கள் ஆட்டோ ஜெட்டியில்தானே நிற்கும்? நேரே டீக்கடைக்கு ஏற்றிக்கொண்டு போகாதீர்கள், வீட்டில் கொண்டுபோய் இறக்குங்கள்.

நாகூர் கனி: இறக்குகிறேன். வாடகை யார் கொடுப்பது?

ராணி: பாதி பீடிக் காசு மிச்சம் இருக்கிறது பாய், அதில் தருகிறேன்.